ஒற்றைக் கோடும் ஒரு கையெழுத்தும்

ரெஜினா மிஸ் யார் முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பார். வேதியியல் ஆய்வகத்தின் வாசலில், கதவைத் தோளால் தாங்கி நின்றுகொண்டு, பன்னிரண்டாம் வகுப்பின் இருபத்தெட்டு ஜோடிக் கால்களும் உள்ளே போவதை ஒவ்வொன்றாக எண்ணுவார். ஷூ, ஷூ, ஷூ, அப்புறம் ஒரு ரப்பர் செருப்பு. அந்த இடத்தில் அவருடைய வலது கை ரயில்வே கேட் மாதிரி இறங்கும்.

"இன்னாபா, பீச்சுக்குக் கெளம்பிட்டியா?"

"ஷூ நனைஞ்சிட்ச்சு மிஸ்."

"காயட்டும். நீயும் அது கூட வெளில நின்னு காஞ்சிகினு இரு."

அவ்வளவுதான். கத்தல் கிடையாது, பிரம்பு கிடையாது, பிரின்சிபால் அறைக்கு அனுப்பும் வேலையும் கிடையாது. பையன் ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பி வழியாகப் பரிசோதனையைப் பார்த்து எழுதிக்கொள்வான். அடுத்த வாரம் ஈர ஷூவோடு வந்து நிற்பான். ஈரத்தைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் கல்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து வருகிறார்கள். வீட்டில் ஒருவராவது விஞ்ஞானி, இல்லாவிட்டால் டெக்னீஷியன். மீதிப் பாதி, மாமல்லபுரம் ஓட்டல்களிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். முதல் பாதி "மிஸ், நெட்ல வேற மாதிரி போட்ருக்கே" என்று ஆரம்பிக்கும். இரண்டாம் பாதி "மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?" என்று முடிக்கும். இரண்டுக்கும் ரெஜினா மிஸ்ஸிடம் ஒரே பதில்: "அதெல்லாம் கெடக்கட்டும். நீ இன்னா பாத்த, அத்த சொல்லு."

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரமே ஒரு தாள் கொடுத்துவிடுவார். இரண்டு பக்கமும் ஜெராக்ஸ். மேலே கொட்டை எழுத்தில் 'வேதியியல் வகுப்பு: எதிர்பார்ப்புகளும் விதிமுறைகளும்.' மொத்தம் பதினான்கு விதிகள். மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, தேதி எல்லாம் வாங்கி, ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். ஒட்டாத நோட்டை மிஸ் திறக்கவே மாட்டார். ஒரு விரலால் தள்ளி ஓரம் வைத்துவிடுவார். வாடகைப் பத்திரத்தைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற அப்பாக்கள் இந்தத் தாளை மட்டும் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்கிறார்கள்.

கூந்தலைக் கட்டு, துப்பட்டாவுக்குப் பின் குத்து, வாயில் எதையும் வைக்காதே என்பதெல்லாம் எல்லா ஆய்வகத்திலும் உள்ளதுதான். ரெஜினா மிஸ்ஸின் கைவரிசை ஐந்தாம் விதியில் தொடங்குகிறது. கண்ணாடிச் சாமான் எதையாவது உடைத்தால் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். "உடைச்சா திட்ட மாட்டேன், ஒளிச்சா விட மாட்டேன்" என்று அதற்கு அவரே உரையும் சொல்லுவார். போன வருடம் ஒரு பெண் ஒரே மாதத்தில் மூன்று பிப்பெட்டை உடைத்தாள். மூன்று தரமும் ஓடி வந்து சொன்னாள், மூன்று தரமும் "கை கிழிச்சுக்கலயே?" என்பதோடு விஷயம் முடிந்தது. விரிசல் விட்ட பீக்கரை அலமாரிக்குப் பின்னால் ஒளித்த பையனோ இரண்டு சனிக்கிழமை அலமாரி துடைத்தான்.

ஏழாம் விதிதான் பெரிய விதி. கண்ணால் பார்த்த அளவை மட்டும் எழுத வேண்டும். எழுதியது தப்பு என்று தெரிந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அடித்தது கீழே படிக்கும்படி தெரிய வேண்டும். கிறுக்கி மறைக்கக் கூடாது, மேலேயே திருத்தி எழுதக் கூடாது, ஒயிட்னர் கூடவே கூடாது. ஒயிட்னர் அகப்பட்டால் பறிமுதல். மிஸ்ஸின் மேசை இழுப்பறையைத் திறந்தால் பேனா மாதிரி, சீசா மாதிரி, மீன் பொம்மை மாதிரி என்று நாற்பதுக்கு மேல் ஒயிட்னர் உருளும்.

பதினான்காம் விதி தாளின் கடைசி வரியில் இருக்கிறது: 'இவை அனைத்தும் ஆசிரியருக்கும் பொருந்தும்.' பதினோரு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏதோ ஒரு வேகத்தில் எழுதிவிட்டார். வருடா வருடம் ஜெராக்ஸ் மெஷின் அந்த வரியில் பாதியை வெட்டிவிடும். யாரும் கேட்டதில்லை, மிஸ்ஸும் சொன்னதில்லை. அதற்கு வேலையே வரவில்லை.

செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி வண்டி மாறும்போது ஒரு டீ. கடைக்காரர் துரை கிளாஸை வைத்ததும் மிஸ் குனிந்து, கண்ணை டீயின் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு பார்வை பார்ப்பார். அளவு பார்க்கிறாராம். துரைக்கு முதலில் கோபம் வந்தது. இப்போதெல்லாம் மிஸ்ஸுக்கு மட்டும் ஒரு விரற்கடை கூடுதலாக ஊற்றுகிறார். கல்யாணப் பந்தியில் பிரியாணி வந்தால் தட்டுக்கு மேல் கையை விசிறி, ஆவியை மூக்கின் பக்கம் தள்ளி முகர்வார். எந்தக் குப்பியிலும் நேரே மூக்கை விடக் கூடாது என்பது ஆறாம் விதி. வீட்டில் இட்லி மாவு டப்பாவின் மேல் சின்னச் சீட்டு ஒட்டி, அரைத்த தேதி எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்.

"மாவுக்கு எதுக்குமா கையெழுத்து?" என்று கணவர் கலைவாணன் ஒரு தரம் கேட்டார்.

"அரைச்சது நான்தான? தேதி இல்லாத கையெழுத்து செல்லாது. கையெழுத்து இல்லாத தேதியும் செல்லாது." இட்லி நன்றாகத்தான் இருக்கிறது.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்தக் கறாருக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. கருங்குழியில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் அவருடையது, எம்.எஸ்ஸி. வரை போன முதல் ஆள் அவர்தான். இன்னொருவர் தப்பு செய்தால் அது அன்றைக்கு ஒரு தப்பு. தான் செய்தால், "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று நாலு பேர் சொல்லக் காத்திருப்பார்கள் என்பதை ரெஜினா கல்லூரியிலேயே கண்டுகொண்டார். அதனால் தப்பே செய்வதில்லை என்று வைத்துக்கொண்டார். பதினோரு வருடப் பதிவேட்டில் அவர் கையால் ஒரு கோடு விழுந்ததில்லை. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

விழுந்தது இந்த வருடம், மாதிரிச் செய்முறைத் தேர்வில்.

தேர்வு திங்கட்கிழமை. பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயில் நாவல்பழ நிறத்தில் பெர்மாங்கனேட் இருக்கும். கீழே குடுவையில் இரும்பு உப்புக் கரைசல். மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால், விழ விழ நிறம் மறையும். ஒரு சொட்டில் மறையாமல் லேசான ரோஸ் நின்றுவிடும். அப்போது எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும், அதுதான் தேர்வு. வகுப்பில் மூன்று தரம் பழகியிருந்தார்கள், மூன்று தரமும் 19.8, 20 என்று இருபதை ஒட்டியே வந்தது. மிஸ் வெள்ளிக்கிழமையே கரைசல் கலக்கி, தானே ஒரு தரம் செய்து பார்த்து, 19.8 என்று பதிவேட்டில் குறித்து வைத்தார்.

திங்கட்கிழமை இருபத்தேழு பேர் இருபதை ஒட்டி எழுதினார்கள். முதல் பெஞ்சு ஆதித்யா 19.8 என்று புள்ளி பிசகாமல் எழுதினான். வைஷாலி என்ற பெண் மட்டும் 17.4 என்று எழுதியிருந்தாள். மூன்று தரம் அளந்து எழுதிய மூன்று வரிசையிலும் 17.4.

"இன்னாமா இது, பதினேழு எங்கேந்து வந்துச்சு?"

"அதான் மிஸ் இருந்துச்சு."

"இருபத்தேழு பேருக்கு இருபது, உனக்கு மட்டும் பதினேழா?"

"மூணு வாட்டி பாத்தேன் மிஸ்."

"அப்ப மூணு வாட்டியும் தப்பாப் பாத்திருக்க."

இருபதுக்கு ஆறு மார்க் போட்டார். நோட்டில் சிவப்பு மையில், 'அளவு பார்க்கத் தெரியவில்லை. பெற்றோரை அழைத்து வரவும்' என்று எழுதினார். வைஷாலி அழவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு, போகும்போது தன் பியூரெட்டை மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை மத்தியானம் ஆய்வக உதவியாளர் அம்சா கரைசல் கேன்களைக் கழுவ எடுத்தார். அம்சா அந்தப் பள்ளியில் ரெஜினாவுக்கு முன்னாலிருந்தே இருப்பவர். கெமிஸ்ட்ரி படித்ததில்லை, ஆனால் எந்தத் திரவம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி.

"மிஸ், இங்க வாங்க. இந்தக் கேனு இன்னா, மோர்க்கொழம்பு மாதிரி மஞ்சளா கலங்கி கீது?"

ரெஜினா எட்டிப் பார்த்தார். இரும்பு உப்புக் கரைசலில் கொஞ்சம் ஆசிட் விட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். இதை அவரே வருடா வருடம் போர்டில் எழுதி அடிக்கோடு போடுவார். வெள்ளிக்கிழமை ஆசிட் பாட்டிலுக்குக் கை நீட்டியபோது, ஸ்கூல் பஸ் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. போனார், வந்தார், மூடியைப் போட்டு மூடிவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேன் அப்படியே கிடந்திருக்கிறது.

உட்கார்ந்து அதே கரைசலை அளந்து பார்த்தார். 16.8. திங்கட்கிழமை இது பதினேழு சொச்சமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

முதலில் வந்தது வெட்கம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோபம் வந்தது. அப்படியென்றால் இருபத்தேழு பேரும் பதினேழைப் பார்த்துவிட்டு இருபது எழுதியிருக்கிறார்கள். ஏழாம் விதியை அப்பா கையெழுத்தோடு முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு எழுதியிருக்கிறார்கள். அடப்பாவிகளா என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கோபமும் போய்விட்டது, ஏனென்றால் அவர்கள் ஏன் இருபது எழுதினார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மிஸ் போட்ட கரைசல் தப்பாக இருக்காது, தங்கள் கைதான் தப்பாக இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். வைஷாலி, ஆறு. இழுப்பறையைத் திறந்தார். மேலாகக் கிடந்த ஒயிட்னர் பேனாவை எடுத்துக் குலுக்கினார். உள்ளே குண்டு டக்டக்கென்று உருண்டது.

"இன்னா மிஸ், பூசிடலாமா?" என்றார் அம்சா, கேனைத் தேய்த்தபடியே.

"சும்மா எடுத்துப் பாத்தேன்க்கா."

"பூசினா யாருக்குத் தெரியப் போவுது. நான் வாயத் தொறக்க மாட்டேன். இது இன்னா கொலைக் குத்தமா?"

அம்சா அன்பாகத்தான் சொன்னார். ரெஜினா பேனாவைப் போட்டு இழுப்பறையை மூடினார். பூச வேண்டாம், மறுகூட்டலில் மார்க் ஏறியது என்று சொல்லி ஆறை இருபதாக்கிவிடலாம், கரைசல் கதை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று பஸ்ஸில் போகும்போது முடிவு செய்துகொண்டார். நல்ல முடிவு என்று தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லியும் பார்த்தார். அன்று சாயங்காலம் அரைத்த மாவு டப்பாவின் மேல் சீட்டு ஒட்டவில்லை. கலைவாணன் டப்பாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வியாழக்கிழமை முதல் பீரியடிலேயே ஆய்வகம். கால்களெல்லாம் உள்ளே போன பிறகு, வாசலில் இன்னும் இரண்டு கால்கள் நின்றன. ஓட்டல் சீருடைப் புடவை, தோல் செருப்பு. வைஷாலியின் அம்மா சகுந்தலா. மாமல்லபுரத்தில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. மகள் சொல்லி வைத்திருக்க வேண்டும், செருப்போடு நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"வணக்கம் மிஸ். நேத்து செங்கல்பட்டுக்கு இட்டுகினு போயி கண்ணு டெஸ்ட் பண்ணிட்டேன்."

"யாருக்கு?"

"இவளுக்குத்தான். மூணு வாட்டி பாத்தும் பதினேழுன்னு தெரியுதுன்றா. மிஸ் தப்பா சொல்ல மாட்டாங்க. அப்ப இவ கண்ணுலதான கோளாறு இருக்கணும்?" ஃபைலைத் திறந்து சீட்டை நீட்டினார். "ஆனா டாக்டரு, கண்ணு சூப்பரா கீது, கண்ணாடியே வாணாம்னுட்டாரு. அதான் பேஜாரா கீது மிஸ். கண்ணுல இல்லன்னா வேற எதுல கோளாறு?"

வைஷாலி தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் நல்லாதான் பாத்தேன்னு நெனச்சேன் மிஸ்," என்றாள் மெதுவாக. "இப்ப தெரியல."

ரெஜினாவால் அந்தத் 'தெரியல'வைத்தான் தாங்க முடியவில்லை. நல்ல கண்ணை நம்பாமல் செய்துவிட்டோமே என்று இருந்தது. மறுகூட்டல் யோசனை அந்த இடத்திலேயே செத்துப்போனது.

"உள்ள வாங்கம்மா."

"செருப்பு மிஸ்..."

செருப்பைப் பார்த்தார். அந்த நேரத்திலும் விதியை மீற மனம் வரவில்லை. "அம்சாக்கா, ஒங்க ஷூ ஒண்ணு இருக்குமே, அத்தக் கொஞ்சம் குடுங்க."

அம்சாவின் ஷூ சகுந்தலாவுக்கு இரண்டு அளவு பெரிது. லொடக் லொடக்கென்று நடந்து வந்து மேசையருகில் நின்றார். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"ஆதித்யா, எழுந்திரு. ரெக்கார்டுல மொதப் பக்கம் எடு. பதினாலாவது விதியப் படி."

ஆதித்யா புரட்டினான். "மிஸ், பாதிதான் மிஸ் இருக்கு. ஜெராக்ஸ்ல கட்டாயிட்ச்சு."

"பாதியப் படி."

"இவை அனைத்தும் ஆசிரி..."

"யருக்கும் பொருந்தும்," என்று மிஸ் முடித்தார். கையில் பதிவேடு இருந்தது; அதை மார்போடு அணைத்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம கரைசல்ல ஆசிட் விட மறந்தது நான். ரெண்டு நாள்ல கரைசல் கெட்டுப்போச்சு. திங்கக்கெழம பியூரெட்ல இருந்தது பதினேழுதான். வைஷாலி சரியாத்தான் பாத்தா. தப்பாப் பாத்தது நானு."

யாரும் சிரிக்கவில்லை.

"நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. யார் யாருக்கெல்லாம் பதினேழு வந்துச்சு?"

பின் பெஞ்சில் ஒரு கை பாதி எழுந்தது. பக்கத்துக் கை அதைப் பார்த்துவிட்டு எழுந்தது. கடைசியாக ஆதித்யா, நின்றபடியே, காதுவரைதான் கையைத் தூக்கினான்.

"எனக்கு பதினேழரை வந்துச்சு மிஸ். நான்தான் எங்கியோ சொதப்பிட்டேன்னு நெனச்சு..."

"நெனச்சு?"

"பத்தொன்பது புள்ளி எட்டு போட்டுட்டேன்."

"போடுறதுதான் போட்ட, கொஞ்சம் அக்கம்பக்கமாவது போட்டிருக்கலாம்," என்றார் மிஸ். வகுப்பு இப்போது சிரித்தது. "திங்கக்கெழம புதுக் கரைசல். எல்லாரும் திருப்பிப் பண்றோம். மொதல்ல நான் பண்ணுவேன், நீங்க சுத்தி நின்னு பாருங்க. ஆசிட் விட்டனான்னு அம்சாக்கா பாப்பாங்க."

"பாத்துட்டாப் போச்சு," என்றார் அம்சா, பின்னாலிருந்து.

இவ்வளவு நேரமும் ஒன்றும் புரியாமல் நின்ற சகுந்தலா, கண் டாக்டர் சீட்டை மடித்தபடி கேட்டார். "அப்ப இவ கண்ணு நல்லாதான் கீதா மிஸ்?"

"இந்த ரூம்லயே நல்ல கண்ணு அவளுதுதாம்மா. என்னை மன்னிச்சுக்கங்க."

சகுந்தலாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை கூச்சமாகிவிட்டது. "அய்ய, வுடுங்க மிஸ், வேலைனா மறக்கறதுதான்," என்று சொல்லிவிட்டு மகளின் தலையைத் தடவினார்.

ரெஜினா பதிவேட்டைப் பிரித்து, ஆறின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். ஆறு கோட்டுக்கு அடியில் நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் இருபது எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். அடுத்து வைஷாலியின் நோட்டை வாங்கி, தன் சிவப்பு வரியின் மேல் ஒரு கோடு. கோடு கடைசியில் கொஞ்சம் இறங்கிவிட்டது. கீழே 'சரியான அளவு 17.4' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, நோட்டை நீட்டினார்.

வைஷாலி வாங்கிக்கொண்டாள். போகவில்லை. நோட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, வரி வரியாகப் பார்த்தாள். பிறகு அதைத் திரும்ப மேசை மேல் வைத்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"மிஸ், இதுல தேதி போடல."

ரெஜினா மிஸ் குனிந்து பார்த்தார். பேனா மூடியை மறுபடியும் கழற்றினார்.